கரிசல் காட்டு இளவேனிலும் இயற்கை ஒளிப்படக் கலையும்

இயற்கை ஒளிப்படம் என்றதும் பச்சை மலையும் அருவியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தூத்துக்குடி மாவட்டத்தின் ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரங்களைக் கொண்ட கரிசல் பூமியில் இளவேனில் வேறு விதமாக வரும். எங்கள் பக்கம் 'காடு' என்றால் மரம் அடர்ந்த வனம் அல்ல, மானாவாரி நிலம். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தை, மாசியில் வீடு வந்து சேர்ந்துவிடும். பங்குனியில் காடு வெறுமையாகிக் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். கண்மாய்கள் குட்டைகளாகச் சுருங்கும். அதே நாட்களில் வேம்பு பூக்கும், புங்கை தளிர்க்கும், பனையில் பதநீர் இறக்கத் தொடங்குவார்கள்.

இலக்கண நூல்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கின்றன. ஒளிப்படக்காரருக்கோ மாசிக் கடைசியிலேயே அது தொடங்கிவிடுகிறது. மறைப்பு குறைந்து, தண்ணீரும் சில இடங்களில் மட்டுமே மிஞ்சுவதால், பறவைகளும் விலங்குகளும் கண்ணில் படுவது இப்போதுதான். அவை மிகவும் துன்பப்படும் காலமும் இதுவே.

மா. கிருஷ்ணன்

இத்துறையின் முன்னோடியான மா. கிருஷ்ணன் (1912–1996) திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996 வரை இயற்கை பற்றிய பத்தி எழுதினார். பத்மஸ்ரீ விருது பெற்றார். வண்ணப் படச்சுருள் எளிதாகக் கிடைத்த பிறகும் கருப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான கேமராவுக்கு வேடிக்கையாக 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டிருந்தார். யானை, காட்டெருமை மட்டுமல்லாமல் அணில், காகம், ஓணான் போன்ற அன்றாட உயிர்களையும் கூர்ந்து கவனித்து எழுதியவர். படம் எடுக்கத் தொலைதூரக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கரிசலில் ஒரு காலை

காலை ஆறு மணி முதல் எட்டரை வரைதான் நல்ல நேரம். பத்து மணிக்குள் கானல் எழுந்துவிடும். பிறகு எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும் படம் நெளியும். கரிசலுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கேமரா தானாக ஒளியை அளக்கும்போது எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. கறுப்பு மண் சட்டத்தை நிறைத்தால் வெளிச்சம் போதவில்லை என்று கருதி அதிக ஒளியை உள்ளே விடும். விளைவாக, உழவு மாட்டின் பின்னால் நடக்கும் கொக்கு இறகே தெரியாத வெள்ளைப் பூச்சாகிவிடும். ஒளியளவை ஒரு படி குறைத்து எடுத்தால் இறகுகள் தெளிவாக விழும்.

குளிர்கால விருந்தாளிகளான பூனைப்பருந்துகள் பங்குனிவாக்கில் வடக்கே திரும்பும். அதுவரை தரிசின் மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளிகளைப் பிடிப்பதைப் பார்க்கலாம். கல்கௌதாரிகள் காலையில் கூட்டமாக நீர்நிலைக்கு வரும். ஆண் பறவை வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு போய்க் குஞ்சுகளுக்கு நீர் ஊட்டும். குட்டையின் ஓரத்திலேயே நாம் முக்காலியை நட்டுவிட்டால் அது இறங்காமல் திரும்பிவிடும். குஞ்சுகளுக்கு அன்று தண்ணீர் இல்லை.

வல்லநாடும் கூந்தன்குளமும்

திருநெல்வேலி–தூத்துக்குடி சாலையில் உள்ள வல்லநாட்டு மலையும் புதர்க்காடும் 1987இல் வெளிமான் சரணாலயமாக்கப்பட்டன. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். வெளிமான்கள் இயற்கையாக வாழும் இந்தியாவின் தென்கோடி இடம் இதுவே. முறுக்கிய கொம்புடைய கருநிறக் கலையைப் படம் பிடிக்க விரும்புவோர் வனத்துறை அனுமதி பெற்றே உள்ளே செல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

தெற்கே நாங்குநேரி வட்டாரத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமானது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மைய ஆசியாவிலிருந்து வரும் வரித்தலை வாத்துகள் இளவேனிலில் விடைபெறும். அப்போது நாரைகளும் கூழைக்கடாக்களும் குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கும். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடுகள் இருக்கின்றன. மக்கள் அவற்றைக் கலைப்பதில்லை. மனிதரைக் கண்டு மிரளாத பறவைகளை இங்கே அருகிலிருந்தே எடுக்கலாம். இந்தப் பழக்கத்தை மற்ற இடங்களுக்குக் கொண்டு போவதில்தான் தவறு நேர்கிறது.

கூட்டருகே

அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு பங்குனியில் மாணவர்கள் சிலரைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனேன். சரள் மேட்டில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டியின் முட்டைகள் கிடந்தன. கல்லோடு கல்லாகத் தெரியும் அவற்றைக் கண்டுபிடித்த பெருமையில் சுற்றி நின்று ஆளுக்கொரு படம் எடுத்தோம். தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பறவை அடைகாப்பதில் சூடு கொடுப்பதைவிட வெயிலை மறைப்பது பெரிய வேலை என்பதும், தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. நாங்கள் நின்ற அந்தக் கால் மணி நேரமும் முட்டைகள் நேர் வெயிலில் கிடந்தன. காகமும் கீரியும் மனிதர் நின்ற இடத்தைக் கவனித்து வரும் என்பதும் அப்போது தோன்றவில்லை.

ஆள்காட்டி கத்தத் தொடங்கினால் கூட்டைத் தேடாமல் வந்த வழியே பின்வாங்க வேண்டும். ஐம்பது அறுபது அடி தள்ளி, உடைமர நிழலில் அசையாமல் உட்கார்ந்தால், பெரும்பாலும் சிறிது நேரத்தில் பறவை நடந்தே வந்து முட்டையின் மேல் அமரும். இன்னும் அமரவில்லை என்றால் மேலும் தள்ளிப் போக வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தால் பறவை சிறிதாகத்தான் விழும். ஆனால் சுற்றிலும் வெடித்த மண்ணும் சரளும் படத்தில் இருக்கும். முட்டை எதனால் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் பார்ப்பவருக்குப் புரியும்.