துறைமுகத்து மழைநீருக்கு ஒரு தனித்துறை

ஓர் எக்டேர் தளத்தின்மேல் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டரை இலட்சம் லிட்டர் நீர் திரளும். நாற்பது எக்டேர் பரப்புள்ள சரக்குப் பெட்டக முற்றத்தில் அதே மழை ஒரு கோடி லிட்டர். காட்டு நிலமாயின் அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கி வேர்களையும் ஊற்றுகளையும் சேர்ந்திருக்கும். துறைமுக முற்றத்தில் நீர் இறங்க மண் இல்லை. கற்காரையும் தாரும் இறுகிய அத்தளத்தில் விழும் துளி, அங்கே படிந்து கிடப்பவற்றையெல்லாம் கழுவியெடுத்துக்கொண்டு சில மணித்துளிகளில் கடலில் கலந்துவிடும். இந்த நீருக்கு யார் பொறுப்பு என்பதை முறையாக வகுத்துக்கொண்ட பொதுத் துறைமுகங்கள் மிகச் சில.

அச்சிலவற்றுள் ஒன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் துறைமுகம். 1911-ஆம் ஆண்டில் வாக்காளர்களின் ஒப்புதலால் அமைந்த பொது ஆணையம் அதனை ஆள்கிறது. தன் கடல்முகப்பு நிலங்களில் விழும் மழைநீரை ஆள்வதற்கென்றே 2015 முதல் அவ்வாணையம் தனிச் சேவைத்துறை ஒன்றை நடத்திவருகிறது. அதற்கு முன்னர், அந்நிலங்களுக்குரிய வடிகால் கட்டணம் நகராட்சிக்குச் சென்றது. நகரெங்கும் நடக்கும் வடிகால் பணிகளுக்கு அது செலவாயிற்று. துறைமுக எல்லைக்குள் புதைந்த குழாய்களைப் பேணும் கடமையோ துறைமுகத்திடமே இருந்தது. அக்கட்டணத்தைத் தானே வாங்கி, தன் குழாய்களுக்கே செலவிடும் உரிமையை ஆணையம் பெற்றதே இம்மாற்றத்தின் சாரம். நிருவாக ஏற்பாடாகத் தோன்றும் இதனை அறிவியல் ஏற்பாடாகவே நான் காண்கிறேன். தன்னுடைய நீரை அளந்தறிய வேண்டிய தேவையும் அதற்கான பொருளும் ஒருவரிடமே சேர்ந்தாலன்றி, மழைநீரைப் பற்றிய அறிவு ஓரிடத்தில் திரள்வதில்லை.

அந்நீர் சுமந்து செல்வது என்ன? துத்தநாகப் பூச்சிட்ட கூரைகளும் கம்பிவேலிகளும் ஒவ்வொரு மழையிலும் சிறிது கரைகின்றன. டயரின் மேற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு துத்தநாகம் உண்டு. வண்டிகளின் தடைக்கட்டைகள் தேயும்போது செம்புத் தூள் உதிர்கிறது; இதனைக் குறைக்கவே வாஷிங்டன் மாநிலம் 2010-இல் ஒரு சட்டம் இயற்றியது. நன்னீரில் ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பு கரைந்திருந்தாலே இளம் சால்மன் மீனின் மோப்பம் மங்கும். பிறந்த ஆற்றை மோந்தறிந்து கடலிலிருந்து திரும்பும் உயிருக்கு அது சிறு இழப்பன்று. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் மழையின் முதல் வெள்ளத்தில்தான் இம்மாசுகள் மிகுதி. மழை முடிந்த மறுநாள் நீரை மொண்டு ஆய்ந்தால் உண்மை கிட்டாது. மழை தொடங்கும் அக்கணமே மாதிரி எடுக்க, கருவி அங்கே காத்திருக்க வேண்டும். கருவிக்குப் பின்னால் ஆளும் காத்திருக்க வேண்டும்.

சியாட்டிலின் மேற்குப் பகுதியில் ஓடி, துவாமிஷ் ஆற்றில் கலக்கும் லாங்ஃபெல்லோ ஓடையில், முட்டையிட வந்த கோஹோ சால்மன்கள் முட்டையிடும் முன்பே சுழன்று தத்தளித்து மடிந்தன. பல ஆண்டுகள் காரணம் புலப்படவில்லை. 2020-ஆம் ஆண்டின் இறுதியில், ஆய்வாளர் எட்வர்டு கோலோட்சியேவும் அவருடைய குழுவினரும் அதனைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஓசோன் பட்டு டயர் விரிசல் விடாதிருக்க அதில் 6பிபிடி என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. ஒரு லிட்டர் நீரில் 0.1 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே கோஹோ மீன்களில் பாதியைக் கொல்லப் போதும். இதே நீரில் சம் என்னும் வேறொரு சால்மன் வகை இறப்பதில்லை என்பது இன்னும் வியப்பு. நஞ்சின் பெயர் தெரியும் முன்பே மருந்து தெரிந்திருந்தது! மணல், எரு, மரப்பட்டைத் துகள் கலந்த மண்ணடுக்கின் வழியே சாலைநீரை வடியவிட்டு, அந்நீரில் கோஹோவை விட்டபோது அவை பிழைத்தன. வடிகட்டாத நீரில் விட்டவை ஒரு நாளுக்குள் மடிந்தன. சுமையுந்துகள் ஓயாது வந்துபோகும் துறைமுகத்திற்கு இவ்வாய்வு நேராகவே பொருந்தும்.

குழாய்களின் கதை இதைவிட நுட்பமானது. சியாட்டில் துறைமுகத்தின் பெரும்பகுதி இயற்கை நிலமன்று. ஓதம் ஏறி இறங்கிய சேற்றுப் பரப்பின்மேல் மண் கொட்டி உயர்த்தியது. 1909-இல் நிறைவெய்திய ஆர்பர் தீவு முழுவதும் அவ்வாறு எழுந்ததே. கொட்டிய மண் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அமிழும்; ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அமிழும். அதனோடு குழாயும் வளையும், இணைப்புகள் வாய்திறக்கும். அவ்வாயில்தான் ஓதத்தின் வேலை தொடங்குகிறது. துறைமுகம் அமைந்த எலியட் விரிகுடாவில் நாள்தோறும் இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. நாளின் உயர்ந்த மட்டத்திற்கும் தாழ்ந்த மட்டத்திற்கும் இடையே சராசரியாக மூன்றரை மீட்டர் வேறுபாடு. ஏற்றத்தில் உப்புநீர் குழாய்க்குள் புகுந்து, திறந்த இணைப்பின் வழியே சுற்றியுள்ள மண்ணை நனைக்கும்; இறக்கத்தில் அம்மண்ணைக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு வெளியேறும். இப்படியே பல்லாண்டு நடந்தால் தளத்தின் அடியில் வெற்றிடம் உருவாகும். அதன்மேல் நிறைபெட்டகம் ஒன்றை ஏந்திய பாரந்தூக்கி உருண்டு வருகிறது. உப்பு, உலோகக் குழாயின் அடிப்பகுதியை அரித்துத் தின்கிறது. ஏற்றமும் பெருமழையும் ஒருங்கே வந்தால் நீர் வெளியேற வழியின்றி முற்றத்தில் தேங்குகிறது. வேகம் குறைந்த நீர் சுமந்து வந்த வண்டலைக் குழாயிலேயே விட்டுவிடுகிறது.

இவற்றுள் எதுவும் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. ஆகவே தனித்துறையின் முதற்பணி குழாய்க்குள் படக்கருவியை உருட்டிச் செலுத்தி, மீட்டர் மீட்டராகப் பார்த்து, எது நலம், எது நொந்தது, எது வீழும் நிலையில் உள்ளது என்று தரம் பிரித்துப் பதிவது. நான் இதனை மிக உயர்ந்த பணியாக மதிக்கிறேன். பழைய வரைபடத்தில் இருக்கும் குழாய் நிலத்தில் இராது. நிலத்தில் இருக்கும் குழாய் வரைபடத்தில் இராது. வரைபடத்தை இவ்வாறு திருத்திய பின்னரே, சுத்திகரிப்பை எங்கே அமைப்பது என்று பேசுவதற்குப் பொருளுண்டு.

கட்டணம் வகுக்கும் முறையும் இயற்பியலைத் தழுவியது. குடிநீருக்கு, செலவழித்த அளவைப் பார்த்துக் கட்டணம் இடுகிறோம். மழைநீருக்கு, நீர்புகாப் பரப்பைப் பார்த்து இடுகிறார்கள். எவ்வளவு நிலத்தை மூடினீரோ அவ்வளவு நீரைப் பிறர்மேல் தள்ளினீர் என்பது அதன் நெறி. சியாட்டிலுக்கு அருகிலுள்ள பெல்வியூ நகரம் 1974-இலேயே இத்தகைய சேவைத்துறையை நிறுவியது. 1972-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூயநீர்ச் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டு, தொழிற்களங்களின் மழைநீரும் நகர வடிகால்களும் உரிமத்தின்கீழ் வந்தன. பொதுக் கருவூலத்திலிருந்து வடிகாலுக்குப் பணம் கேட்டால், புதிய பாரந்தூக்கியோடு அது போட்டியிட வேண்டும். போட்டியில் வடிகால் தோற்கும். வேலியிட்ட தனி நிதிக்கு அந்நிலை இல்லை.

சுத்திகரிப்பில் துறைமுகத்திற்கு இடநெருக்கடி உண்டு. தூண்கள் தாங்கும் கப்பல் மேடையில் தோட்டம் அமைக்க மண் ஏது? ஆகவே கூரைநீர் இறங்கும் குழாயின் அடியிலேயே செடிப்பெட்டிகளையும் வடிபொருள் நிரப்பிய தொட்டிகளையும் வைக்கிறார்கள். சிப்பி ஓட்டையும் சியாட்டிலில் இதற்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டு நீரின் அமிலத்தன்மையைத் தணிக்க, கரைந்த துத்தநாகமும் செம்பும் ஓட்டின் பரப்பில் ஒட்டிப் படிகின்றன. ஓடு நிறைந்ததும் மாற்ற வேண்டும்; மாற்றாவிட்டால் அது வெறுந்தொட்டி.

தூய்மைப்படுத்தும் கடமை அங்கே கரையோடு முடிவதில்லை. துறைமுகத்தை ஒட்டி ஓடும் துவாமிஷ் ஆற்றின் கீழ்ப்பகுதி, சுமார் 8 கிலோமீட்டர், 2001-இல் கூட்டரசின் கொடிய மாசுநிலப் பட்டியலில் சேர்ந்தது. அடிவண்டலைத் தூய்மையாக்கும் திட்டத்தை 2014-இல் அறிவித்தபோது மதிப்பிட்ட செலவு 34 கோடி டாலருக்கு மேல். தோண்டித் தூய்மையாக்கிய அடித்தரையில் கரைக்குழாய்கள் மீண்டும் மாசைக் கொட்டினால் அத்தனையும் வீண். ஆற்றைத் தூய்மையாக்குவோர் முதலில் கேட்பது, மேலிருந்து வருவது நின்றதா என்பதே. குழாய் குழாயாகச் சான்று வைத்திருப்பவரே அதற்கு விடை கூற இயலும்.

கடல்மட்டமும் அமைதியாக இல்லை. சியாட்டிலின் ஓதப் பதிவு 1899 முதல் உள்ளது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வீதம் மட்டம் உயர்ந்திருப்பதை அது காட்டுகிறது. இன்று புதைக்கும் குழாய் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். அதன் வாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எங்கே ஒருவழி அடைப்பான் போதும், எந்தத் தாழ்முற்றத்திற்கு எக்கி வேண்டும் என்பனவற்றை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். எக்கி என்றால் மின்சாரம், மாற்று இயந்திரம், இரவிலும் கண்காணிக்கும் ஆள். அச்செலவை அடுத்த தலைமுறைக்குத் தள்ளாமல், இவ்வாண்டின் கட்டணத்திலேயே சிறிது சிறிதாகச் சேர்க்கத் தொடங்க வேண்டும்.