ரிப்பன் மைக் தன் நோயைத் தானே சொல்லும், தெரியுமா?

வெறும் 2 மைக்ரான் கனமுள்ள அலுமினிய நாடா ஒரு பாடகியின் குரலை அப்படியே பிடித்துவிடும், தெரியுமா? தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குதான் அது! இரண்டு காந்தங்களுக்கு நடுவே தொங்கும். காற்று அசைந்தால் தானும் அசையும். அந்த அசைவே மின்சாரமாகும். 1924-ல் ஜெர்மனியில் ஷாட்கியும் கெர்லாக்கும் கண்ட வித்தை இது. 1930-களின் தொடக்கத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஆல்சன் அதை வானொலி நிலையங்களுக்கு ஏற்ற மைக்காக்கினார். இன்று வீட்டு மேஜையிலேயே அதைச் செய்யலாம். இன்னும் பெரிய ஆச்சரியம், கோளாறு எங்கே என்பதை அந்த மைக்கே ஒலியால் சொல்லிவிடும்!

புனேயில் தண்டவாளத்தை ஒட்டிய கோர்படியில் செய்து பார்த்தால் முதலில் கேட்பது 'ம்ம்ம்' என்ற ரீங்காரமாகத்தான் இருக்கும். தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட், வீட்டுச் சுவருக்குள்ளே 230 வோல்ட். இரண்டுமே நொடிக்கு 50 சுற்று. நாடா தரும் சிக்னலோ அவ்வளவு பலவீனம், ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். கூடவே ரீங்காரமும் பெருகும். மைக்கைக் கையில் எடுத்து மெல்லத் திருப்புங்கள். திருப்பத் திருப்ப ரீங்காரம் ஏறி இறங்கினால், மைக்குக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ அதற்கும் நாடாவுக்கும் இடையே போகும் கம்பிகளோ காந்தப்புலத்தை வாங்குகின்றன. கம்பிகளைக் குட்டையாக வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். மைக்கின் உலோக உடம்பைத் தொட்டதும் சத்தம் மாறுகிறதா? எர்த் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

சத்தமே வரவில்லையா? காந்தங்களைப் பாருங்கள். நேருக்கு நேர் நிற்கும் முகங்கள் ஒன்றையொன்று இழுக்க வேண்டும். தள்ளினால் நடுவில் புலமே மிஞ்சாது, நாடா எப்படி ஆடினாலும் மின்சாரம் பிறக்காது!

சத்தம் மெலிந்து வந்தால் நாடாவைப் பிடித்திருக்கும் செம்புத் தகடுகளைச் சந்தேகப்படுங்கள். நாடாவின் மின்தடை சுமார் 0.2 ஓம்தான். அழுக்கேறிய இணைப்பில் ஒரே ஒரு ஓம் கூடினாலும் சிக்னல் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்! புனேயின் தப்கீர் கல்லிக் கடைகளில் வாங்கும் சாதாரண மல்டிமீட்டர் இவ்வளவு சிறிய தடையைத் துல்லியமாகக் காட்டாது, அதன் ஒயருக்கே கொஞ்சம் தடை உண்டு. சமையலறை ஃபாயிலை நாடாவாக வைத்திருந்தால் அதுவும் ஒரு காரணம்: 10 மைக்ரான் அளவுக்குக் கனம், காற்றுக்கு எளிதில் அசையாது. அப்படியானால் பர்ஃபி மேல் ஒட்டும் வெள்ளி வர்க்? வெள்ளி மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும்தான். ஆனால் அலுமினியத்தைப் போல நான்கு மடங்கு அடர்த்தி. எடைக்கு எடை பார்த்தால் அலுமினியமே ஜெயிக்கிறது! வர்க்கோ விரல் பட்டாலே கிழியும்.

கரகரவென்று உரசுகிறதா? டார்ச் அடித்துப் பாருங்கள். காந்த விளிம்பில் ஓர் இரும்புத் துகள் நெட்டுக்குத்தாக நின்று நாடாவைத் தொட்டுக்கொண்டிருக்கும். தயவுசெய்து ஊதாதீர்கள், ஒரே ஊதலில் நாடா தொய்ந்துவிடும்! தீக்குச்சி நுனியில் செல்லோடேப்பைப் பசைப்பக்கம் வெளியே தெரியச் சுற்றி, துகளை மட்டும் ஒற்றி எடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை, ஆனால் உரசல் நின்றதும் வரும் மௌனம் அத்தனை சுகம்.

கீழ்ஸ்தாயி காணாமல் போனால் நாடா விறைப்பாக இருக்கிறது, தளர்த்துங்கள். ரயில் போகும்போது மட்டும் 'தடதட' என்றால் தரையின் அதிர்வு ஸ்டாண்டு வழியாக ஏறுகிறது. சைக்கிள் டியூப் துண்டுகளில் மைக்கைத் தொங்கவிடுங்கள்.

இந்த மைக்குக்கு முன்னும் பின்னும் காது, பக்கவாட்டில் செவிடு, தெரியுமா? பக்கத்திலிருந்து வரும் ஒலி நாடாவின் இரு முகங்களையும் ஒரே அளவில் அழுத்துவதால் அது அசைவதில்லை. பக்கத்தில் பேசியும் நன்றாகக் கேட்கிறதென்றால் பின்புறம் எங்கோ அடைபட்டிருக்கிறது. சரியாக இருந்தால், அந்தச் செவிட்டுப் பக்கத்தைத் தண்டவாளத்தை நோக்கி வைத்துப் பாடச் சொல்லுங்கள். ரயில் ஹாரன் நன்றாகவே தணியும். மிச்சம் கேட்பது பெரும்பாலும் சுவரில் பட்டுத் திரும்பி வருவதுதான்!