அணைந்த தீயை நம்பாதீர்கள்: கொல்லை நெருப்பும் நாட்டுக்கோழியும்

போடிநாயக்கனூரிலும், அதற்கு மேலே குரங்கணி, போடிமெட்டு பக்கத்து ஏலத்தோட்டச் சரிவுகளிலும் கொல்லையில் தீ மூட்டாத வீடு குறைவு. காலைக் குளிருக்கு, வெந்நீருக்கு, கூட்டித் தள்ளிய சருகுக்கு என்று ஏதோ ஒன்றுக்குத் தீ வேண்டியிருக்கிறது. அதே கொல்லையில்தான் நாட்டுக்கோழிகளும் மேய்கின்றன. எரியும் தீயைக் கண்டால் கோழி ஒதுங்கிவிடும். அணைந்துவிட்டதாக நாம் நினைக்கும் தீயை அது தானே தேடி வரும். பெரும்பாலான கேடு அங்கேதான் தொடங்குகிறது.

சாம்பலுக்குள் இருப்பது

இறகில் ஒட்டிய பேனை உதிர்க்கக் கோழி பொடிமண்ணில் புரளும். சாம்பல் கிடைத்தால் அதில் ஆசையாக இறங்கும். மேலே வெளுத்துக் கிடக்கும் சாம்பலுக்கு அடியில் கங்கு ஒரு நாள் கழித்தும் உயிரோடு இருக்கலாம். காலும் வயிறும் வெந்துவிடும். குஞ்சுகள் பிழைப்பது அரிது. நன்றாக ஆறிய சாம்பலும் நனைந்தால் காரமாகி, தோலையும் கண்ணையும் அரிக்கும். எரிந்த பலகையில் மிஞ்சிய ஆணி, கம்பித் துண்டு, உருகி இறுகிய பிளாஸ்டிக் எல்லாவற்றையும் இரை என்று கோழி விழுங்கிவிடும்.

புகையும் இருட்டும்

கோழியின் நுரையீரலோடு 9 காற்றுப்பைகள் இணைந்திருக்கின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியே காற்று ஓடிக்கொண்டே இருப்பதால், நமக்கு இருமலை வரவழைக்கும் புகை அதன் உயிரையே எடுத்துவிடக்கூடும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை முன்கூட்டி அறிய 1980-கள் வரை கேனரிப் பறவைகளை வைத்திருந்தார்கள். காரணம் பறவைகளின் இந்த மூச்சமைப்புதான். இருட்டிவிட்டால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடைக்கோழியோ முட்டையை விட்டு எளிதில் எழாது. பொழுது சாய்ந்தபின் கூட்டருகே மூட்டும் தீ அதனால் இன்னும் கொடியது.

முட்டை வழியே வீட்டுக்குள்

பிளாஸ்டிக் குப்பையை எரித்தால் டையாக்சின் என்னும் நச்சு உண்டாகி மண்ணில் படிகிறது. மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் கொழுப்பில் அது தங்கி, மஞ்சள் கருவில் சேர்கிறது. 2005-இல் ஐபென் என்ற பன்னாட்டு அமைப்பு, மாசு மிகுந்த இடங்களில் மேயும் கோழிகளின் முட்டைகளை 17 நாடுகளில் சோதித்தது. இந்தியாவில் கேரளத்தின் ஏலூரும் அதில் இருந்தது. பல இடங்களில் டையாக்சின் வரம்பு மீறியிருந்தது. பிள்ளைக்குச் சத்து என்று நாம் ஊட்டும் முட்டை நஞ்சாகக் கூடாது. ஏலத்தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாக்களை எந்தக் காரணத்துக்காகவும் கொல்லையில் எரிக்காதீர்கள். உபயோகித்த டப்பாவை உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும் என்பது பூச்சிக்கொல்லி விதிகள் 1971 சொல்வது.

செய்ய வேண்டியவை

• தீ மூட்ட ஓர் இடத்தை நிலையாக ஒதுக்கி, கல் அடுக்கி, மேலே கம்பிவலை போடுங்கள். கோழிக்கூட்டுக்கும் ஓலைக்கூரைக்கும் தள்ளி, புகை கூட்டின் பக்கம் போகாத இடமாக இருக்கட்டும்.
• மூட்டும் முன் கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, புகை எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.
• முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். சாம்பலை மூடியுள்ள தகர டப்பாவில் அள்ளி வையுங்கள்.
• காற்று வீசும் நாளில் தீயே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தார்கள். கோடையில் அந்தப் புல்சரிவுகளில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை இந்த வட்டாரம் கண்ணால் பார்த்திருக்கிறது.

கோழிக்குச் சுட்டுவிட்டால் சுட்ட இடத்தில் மட்டும் குளிர்ந்த தண்ணீரைச் சில நிமிடம் ஊற்றுங்கள். ஐஸ், எண்ணெய், பற்பசை எதுவும் கூடாது. புகையில் மயங்கியிருந்தால் காற்றோட்டமான நிழலுக்குக் கொண்டுபோங்கள். பிறகு கால்நடை மருந்தகம். நடமாடும் கால்நடை ஊர்திக்கு 1962-ஐ அழைக்கலாம். தீ கைமீறினால் 101 அல்லது 112.

சட்டம் உங்கள் பக்கம்

குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுவதும் தடை விதித்தது. மீறினால் ரூ.5,000, பெருமளவில் எரித்தால் ரூ.25,000 அபராதம். அண்டை வீட்டார் ஓயாமல் எரித்தால் முதலில் நேரில் பேசுங்கள். கேட்கவில்லையென்றால் நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுத்துமூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அதற்கும் பலனில்லையென்றால், திங்கட்கிழமை தேனி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள்.

ஒருவர் அஜாக்கிரதையாக மூட்டிய தீ பிறர் உயிருக்கு ஆபத்தாகவோ, காயம் விளைவிக்கக்கூடியதாகவோ இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 287-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, ரூ.2,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். கோழிகள் செத்திருந்தால் புதைக்கும் முன் புகைப்படம் எடுங்கள். கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். இழப்பீடு கேட்பதற்கு இவையே ஆதாரம்.

பேரிடர் நிவாரண விதிகளில் தீயும் ஒரு பேரிடர்தான். 2022-இல் வந்த விதிமுறைப்படி செத்த கோழி ஒன்றுக்கு ரூ.100, ஒரு குடும்பத்துக்கு ரூ.10,000 வரை உதவி உண்டு. எல்லாத் தீயும் அதில் சேராது. ஆனாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே தெரிவித்து மனுக் கொடுப்பது உங்கள் உரிமை.

குப்பை வண்டி ஏறி வராத தோட்டத் தொழிலாளர் லயங்களிலும் மலைக் குடியிருப்புகளிலும் எரிப்பதைத் தவிர வேறு வழி தெரியாமல்தான் எரிக்கிறார்கள். அவர்கள்மேல் அபராதம் போடுவது மட்டும் தீர்வாகாது. ஜனவரி 26, மார்ச் 22 கிராமசபைக் கூட்டங்கள் கோடைத்தீக் காலத்தை ஒட்டியே வருகின்றன. பிளாஸ்டிக்கை வாரம் ஒருமுறையாவது வந்து அள்ள வேண்டும் என்று அங்கே எழுந்து கேளுங்கள், தீர்மானமாக எழுதவையுங்கள்.