சென்னை பிறக்கும் முன்பே அமெரிக்கா போனவர்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வீட்டுக்கு ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார் என்றால் பெரிய மிகையில்லை. முதலில் போனவர் யார் என்று கேட்டால்தான் சிக்கல்.

1635-ஆம் ஆண்டு வர்ஜீனியா நில ஆவணத்தில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. ஜார்ஜ் மெனிஃபி என்ற வணிகர் கொண்டுவந்த வேலையாட்களில் ஒருவர். கொண்டுவந்தவருக்கு ஆள் ஒன்றுக்கு 50 ஏக்கர் நிலம் என்பது அன்றைய கணக்கு. அதற்காகத்தான் பெயரையே எழுதினார்கள். ஊரோ தகப்பன் பெயரோ யாருக்கும் தேவைப்படவில்லை.

அப்போது சென்னைக் கோட்டைக்கு இடமே வாங்கியிருக்கவில்லை, அது 1639-இல். ஆனால் மசூலிப்பட்டினத்திலும் ஆர்மகானிலும் ஆங்கிலேயருக்குப் பண்டகசாலைகள் இருந்தன. சாந்தோமில் போர்ச்சுகீசியர் நூறாண்டாகக் குடியிருந்தார்கள். அங்கே ஞானஸ்நானம் வாங்கிய ஓர் அந்தோனி, கப்பலேறி டோனி ஆகியிருக்கலாம். சூரத்துக்காரராகவும் இருக்கலாம். பிருந்தா சாரி 2023-இல் வெளியிட்ட ‘தி ஈஸ்ட் இண்டியன்’ நாவலில் அவர் சோழமண்டலக் கரைத் தமிழ்ப் பையன். நல்ல கற்பனைதான். ‘அமெரிக்காவின் முதல் தமிழர்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட அது போதாது.

மதராஸிலிருந்து போனவர் என்று எழுத்தில் இருப்பவர் பிறகு வருகிறார். 1790 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் (மாம்பழச் சேலம் அல்ல) வில்லியம் பெண்ட்லி என்ற பாதிரியார், மதராஸ்காரர் ஒருவரைப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதினார். நிறம், நீண்ட கருமுடி, உயரம் எல்லாம் குறித்தார். கூட்டிவந்த கேப்டனின் பெயரையும் எழுதினார். வந்தவரின் பெயரை எழுதவில்லை!

இப்படிப் போனவர்களின் வாரிசுகளைத் தேடுவது இன்னும் கஷ்டம். கிறிஸ்தவரல்லாத பெற்றோருக்கு, கிறிஸ்தவமல்லாத நாட்டில் பிறந்து கொண்டுவரப்பட்ட வேலையாட்கள் அடிமைகளே என்று 1682-இல் வர்ஜீனியா சட்டம் போட்டது. 1790-இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் வெள்ளையர், மற்ற சுதந்திர மனிதர், அடிமை என்பவற்றைத் தாண்டி இனத்துக்குக் கட்டம் இல்லை. இந்திய வம்சம் கறுப்பினக் குடும்பங்களோடு கலந்து, தாள்களில் காணாமல் போனது. இன்று ஆய்வாளர்களுக்குத் தடம் கிடைப்பது பெரும்பாலும் மாவட்ட நீதிமன்றப் பதிவுகளிலும், தப்பியோடிய வேலையாட்களைத் தேடி வந்த பத்திரிகை விளம்பரங்களிலும்தான். எஜமானனுக்கு நஷ்டம் வந்தபோது மட்டும் ஆளின் அடையாளம் நுணுக்கமாகப் பதிவாகியிருக்கிறது.

உங்கள் பேரப்பிள்ளைகள் அங்கே பிறந்தவர்களா? கொள்ளுத்தாத்தா, பாட்டி பெயர்களையும் பிறந்த ஊரையும் ஒரு தாளில் எழுதி, இப்போதே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். சென்னை என்று பொதுவாகப் போடாமல், மாடம்பாக்கமா பல்லாவரமா என்று எழுதுங்கள்.