பதின்மூன்றுக்குச் சமமான நான்கு

மலேசியாவின் மலாக்கா மாநிலச் சட்டமன்றத்தில் 28 இடங்கள். ஆட்சியமைக்க 15 பேர் வேண்டும். 2018இல் பக்காத்தான் ஹராப்பான் வென்றது மிகச் சரியாக 15. தேசிய முன்னணி 13. காடேக் தொகுதியில் வென்ற, ஹராப்பானின் ஜசெகவைச் சேர்ந்த சாமிநாதன் ஆட்சிக்குழுவிலும் இடம்பெற்றார். 2020 மார்ச்சில் நான்கு பேர் அணி மாறினார்கள். 15 என்பது 11 ஆனது, எதிரணி 17 ஆனது, ஆட்சி கவிழ்ந்தது. 2021 அக்டோபரில் முதலமைச்சர் சுலைமான் முகமட் அலிக்குத் தந்த ஆதரவை வேறொரு நால்வர் விலக்கிக்கொள்ள, அந்த 17 இறங்கி 13 ஆனது. தெலுக் மாஸ் நோர் எஃபண்டியும் பெங்காலான் பத்து நோர்ஹிசாமும் இரண்டு நால்வரிலும் இருந்தவர்கள்.

நால்வருக்கு இத்தனை பலம் எப்படி வந்தது? 1954இல் ஷேப்ளி, ஷூபிக் என்ற இருவர் இதை அளக்க ஒரு வழி சொன்னார்கள். அணிகளைச் சாத்தியமான எல்லா வரிசைகளிலும் நிறுத்துங்கள். யார் வந்து சேரும்போது கூட்டுத்தொகை 15ஐத் தொடுகிறதோ, அவருக்கு ஒரு புள்ளி. 2021இல் இருந்தவை 13, 11, 4 என்ற மூன்று அணிகள், ஆறு வரிசைகள். தனியாக யாருக்கும் 15 இல்லை, எந்த இரண்டு சேர்ந்தாலும் போதும். ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் இரண்டாவதாக வருபவருக்கே புள்ளி. எண்ணிப் பாருங்கள்: 13 பேருக்கு இரண்டு, 11 பேருக்கு இரண்டு, 4 பேருக்கும் இரண்டு. மூன்றும் சமம்! 15க்கு 13 என்றிருந்த அவையில் ஒரே ஒருவர் முறுக்கிக்கொண்டு தனியே நின்றிருந்தால் கணக்கு இன்னும் வியப்பானது. 14, 13, 1 என்று ஆகும் அந்த அவையில் அவர் ஒருவருக்கும் எதிரணியின் 13 பேருக்கும் ஆளுக்கொரு புள்ளிதான்.

அமெரிக்க செனட்டிலும் 2022 ஜனவரியில் இதைத்தான் பார்த்தோம். 50க்கு 50 என்றிருந்த அவையில், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் வேண்டும் என்ற விதியைத் தளர்த்த ஜனநாயகக் கட்சி முயன்றது. மான்சின், சினெமா என்ற இருவர் மறுத்தார்கள். சினெமாவின் அரிசோனா மாநிலக் கட்சி அவரைக் கண்டித்துத் தீர்மானமே போட்டது. விதி அசையவில்லை.

மலாக்காவில் தலைமை கடுமையாகவே நடந்துகொண்டது. 2021இன் நால்வரில் மற்ற இருவரான இட்ரிஸ் ஹாரோனையும் நோர் அஸ்மானையும் தேசிய முன்னணியின் அம்னோ நீக்கியது. சட்டமன்றம் கலைக்கப்பட்டு, நவம்பர் 20இல் தேர்தல். நால்வரில் ஒருவர்கூட அவைக்குத் திரும்பவில்லை. காடேக், தேசிய முன்னணியில் உள்ள மஇகாவின் சண்முகத்திடம் போனது. தேசிய முன்னணிக்கு 21 இடங்கள். இதில் வேறு நால்வர் விலகினாலும் மிச்சம் 17. அதே கணக்கைப் போட்டால் அந்த நால்வருக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது.

2022 ஜூலை 28இல் மலேசிய மக்களவை கட்சித் தாவல் தடைத் திருத்தத்தை 209 வாக்குகளோடு நிறைவேற்றியது. மூன்றில் இரண்டு பங்குக்கு 148 போதும். கட்சியை விட்டு விலகினாலோ வேறு கட்சியில் சேர்ந்தாலோ பதவி போகும். ஆனால் கட்சியே நீக்கினால் போகாது! தலைவர்கள் காலங்காலமாகக் காட்டி மிரட்டிய நீக்கம், முரண்டு பிடிப்பவருக்கே பாதுகாப்பாகிவிட்டது. கட்சி நிலைக்கு எதிராக வாக்களிப்பதும் இந்தச் சட்டத்தில் குற்றமில்லை. அது சரிதான் என்பேன். இல்லையென்றால் தோட்டத்து மக்கள் அனுப்பிய ஆள் அவையில் வெறுமனே கை தூக்கத்தான் உட்கார்ந்திருப்பார்.

பெர்சாத்து கட்சி வேறு வழி பார்த்தது. பிரதமர் அன்வாருக்கு ஆதரவு தெரிவித்த தன் ஆறு எம்.பி.க்களை அது நீக்கவில்லை. கட்சி விதியைத் திருத்தி, அவர்கள் உறுப்பியம் தானாகவே முடிந்துவிட்டது என்று கடிதம் அனுப்பியது. 2024 ஜூலையில் மக்களவைத் தலைவர் ஜொஹாரி அப்துல் அதை ஏற்கவில்லை. ஆறு பேரின் பதவியும் நிலைத்தது. அறுவரில் ஒருவரான குவா மூசாங் எம்.பி. அஸிஸி அபு நயிம், கிளந்தானின் நெங்கிரி சட்டமன்ற உறுப்பினரும்கூட. அங்கே கிளந்தான் சட்டமன்றத் தலைவர் அந்த இடம் காலி என்று அறிவித்தார். ஒரே மனிதர், ஒரே கட்சி, இரண்டு தீர்ப்புகள். அவைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பான்மை அணி. அவர் கையில் இந்த முடிவை விட்டது சட்டத்தின் பெரிய ஓட்டை. நெங்கிரி, குவா மூசாங் நாடாளுமன்றத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. அந்த மக்கள் ஆகஸ்ட் 17இல் புதிய சட்டமன்ற உறுப்பினருக்கு வாக்களித்தார்கள், எம்.பி.யாக அஸிஸியே நீடித்தார்.