‘ஒண்ணுமில்லை’ என்று அனுப்பிவிடாதீர்கள்

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மூச்சு முட்டுகிறது. உள்ளங்கை வியர்த்து, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. உயிரே போய்விடும்போல் இருக்கிறது. வீட்டார் பதறியடித்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். ஈ.சி.ஜி. எடுத்தால் சரியாக இருக்கிறது. “ஒண்ணுமில்லைம்மா, கேஸ் ட்ரபுளா இருக்கும். போய் நல்லா தூங்குங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே படபடப்பு, அதே ஓட்டம்.

இதற்கு ‘பேனிக் அட்டாக்’ என்று பெயர்; தமிழில் பீதித் தாக்குதல். ஊர்ப்பக்கம் ‘பயந்த கோளாறு’ என்று மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். மருத்துவமனையில் ‘ஒண்ணுமில்லை’. இரண்டுக்கும் நடுவில் நோயாளி தனியாக நிற்கிறார். இதயத்தில் கோளாறு இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் அவர் உடம்பு பட்ட பாடு அத்தனையும் நிஜம்.

பயத்தைப் பார்த்துப் பயம்

காலடியில் பாம்பு நெளிந்தால் யோசிக்கும் முன்பே துள்ளி விலகுகிறோம். உடனே அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு இரைக்கிறது. பீதித் தாக்குதலில் பாம்பு இல்லாமலே இவையெல்லாம் நடக்கின்றன. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலை சுற்றுவதும் விரல்கள் மரப்பதும் அதனால்தான்.

பயம் பயத்தை வளர்க்கும் இந்தச் சுழலை 1986-இல் விளக்கியவர் பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க். சாதாரணப் படபடப்பை ‘மாரடைப்பு’ என்று மனம் தப்பாகப் படிக்கிறது. அந்தப் பயம் படபடப்பைக் கூட்ட, கூடிய படபடப்பு பயத்தை மேலும் வளர்க்கிறது. தாக்குதல் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே வடிந்துவிடும். ஆனால் ‘மறுபடி வந்துவிட்டால்?’ என்ற பயம் தங்கிவிடுகிறது. பஸ், சந்தை, கல்யாண வீடு என்று ஒவ்வொன்றாகத் தவிர்த்து, கடைசியில் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போகிறவர்கள் உண்டு.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

முதல்முறை நெஞ்சு வலித்தால் தயங்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பீதிதான் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறவர்களும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தைராய்டு, ரத்தசோகைக்கும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

பீதித் தாக்குதல்தான் என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு அது மீண்டும் வந்தால், இருக்கும் இடத்திலேயே உட்காருங்கள். மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ‘இது பீதி. ஏறியது தானாக இறங்கிவிடும்’ என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். காகிதப் பையில் மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம். வந்திருப்பது வேறு நோயாக இருந்தால் ஆபத்தாகிவிடும். கூட இருப்பவர்கள் ‘சும்மா பயப்படாதே’ என்று அதட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாகப் பேசினாலே போதும்.

குணமாகக்கூடியதுதான்

1959-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கின் ஹில்சைட் மருத்துவமனையில் டொனால்டு கிளைன் என்ற மனநல மருத்துவர் இமிப்ரமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ‘சாகப்போகிறேன்’ என்று செவிலியரிடம் அடிக்கடி ஓடிக்கொண்டிருந்த ஒரு நோயாளி, சில வாரங்களில் அந்த ஓட்டத்தை நிறுத்தினார். அதைக் கவனித்துச் சொன்னவர்கள் செவிலியர்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், மீண்டும் மீண்டும் வரும் பீதித் தாக்குதலைத் தனி நோயாகவே பட்டியலிட்டது.

இன்று அறிவுசார் நடத்தைச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. படியேறி இதயத்தை வேண்டுமென்றே படபடக்கவைத்து, ‘இதனால் உயிர் போகாது’ என்று உடம்புக்கே பழக்கிவிடுவதும் அதில் ஒரு பயிற்சி. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அது பழக்கமாகிவிடும்.

மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் இந்தச் சேவையில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் வீட்டில் ஒருவர் ‘நெஞ்சு அடைக்குது’ என்று மறுபடியும் சொன்னால், ‘ஒண்ணுமில்லை’ என்று வாயை அடைக்காதீர்கள். ‘இதுக்கு வைத்தியம் இருக்கு, வா, சேர்ந்து போகலாம்’ என்று சொல்லுங்கள்.