உங்களுக்குத் தெரியுமா? முதல் பவர் கைட் வாங்கும் முன்...

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைவதால்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் ஆனி, ஆடியில் ஓயாமல் சுற்றுகின்றன. ஆளையே இழுக்கும் பவர் கைட்டை முதல்முறை வாங்கப் போகும் கொங்கு நாட்டுக்காரர் மனதில் வைக்க வேண்டியது இந்தக் காற்றைத்தான்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றில் விளையாட்டுக் காட்டிய அதே பட்டம், 30 கிலோமீட்டரில் உங்களைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகலாம். அதனால் முதல் பட்டம் 2 சதுர மீட்டருக்குள் இருக்கட்டும். "வளர்ற பையன், பெருசாவே வாங்கிக்கலாம்" என்ற கணக்கு சட்டைக்குச் சரி, இதற்கு ஆகாது.

பெட்டியில் 1.8 என்று போட்டிருந்தால் அது சதுர மீட்டரா, இறக்கையின் நீளமா என்று கேட்டு வாங்குங்கள். சில நிறுவனங்கள் பரப்பளவையும் சில நிறுவனங்கள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரையான நீளத்தையும் அச்சிடுகின்றன. 1.8 மீட்டர் நீளமுள்ள பட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 1 சதுர மீட்டர்தான் வரும்.

இந்தப் பட்டத்தில் குச்சியே கிடையாது! முன் விளிம்பில் வரிசையாக வாய்கள் திறந்திருக்கும். காற்று அவற்றில் புகுந்ததும் அறைகள் ஒவ்வொன்றாக உப்பி, தொளதொளவென்று கிடந்த துணி இறக்கையாக விறைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் டொமினா ஜால்பர்ட் 1964-ல் உருவாக்கிய பாராஃபாயில் என்ற வடிவம் இது. பாராகிளைடருக்கும் இதுதான் மூலம். துணி, கட்டம் போட்ட ரிப்ஸ்டாப் நைலான். ஒரு கட்டத்தில் கிழிந்தால் கிழிசல் அடுத்த கட்டத்துக்கு எளிதில் ஓடாது. திருப்பூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், டி-சர்ட் துணி 180 ஜிஎஸ்எம். இது 30 முதல் 50 ஜிஎஸ்எம்.

இரண்டு கயிறா, நான்கு கயிறா? இரண்டு கயிற்றுப் பட்டத்தில் இடது கையை இழுத்தால் இடதுபுறம், வலது கையை இழுத்தால் வலதுபுறம் திரும்பும். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். நான்கு கயிற்றில் பின் விளிம்புக்கு இரண்டு பிரேக் கயிறுகள் உண்டு. நினைத்த இடத்தில் இறக்கலாம், ஆனால் பழக நாளாகும். பின்னாளில் கடலில் கைட்சர்ஃபிங் செய்யும் எண்ணம் இருந்தால், பிடிகம்போடு வரும் மூன்று கயிற்றுப் பயிற்சிப் பட்டமே என் தேர்வு. கம்பை விட்டுவிட்டால் மூன்றாவது கயிறு பட்டத்தைச் சுருட்டி, இழுவையைக் கொன்றுவிடும்.

விடத் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் சிலர் சேர்ந்து பெரிய பட்டம் ஒன்றை ஏற்றினார்கள். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த இளைஞர் 30 அடிக்கு மேல் அந்தரத்தில் தொங்கினார். உயிர் தப்பியது பெரிய காரியம். எந்தக் கயிற்றையும் இடுப்பிலோ கையிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள்.

காற்றை அளக்கக் கருவி இல்லையா? இலைகளும் சிறு கிளைகளும் விடாமல் அசைந்தால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். கற்றுக்கொள்ள ஏற்ற காற்று. புழுதியும் காகிதமும் பறந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. சிறு மரங்களே ஆட ஆரம்பித்தால் 29-க்கு மேல். பட்டத்தைப் பைக்குள் வையுங்கள்.

காங்கயம் பக்கத்துக் கொறங்காடு பார்க்க நல்ல வெட்டவெளிதான். ஆனால் சுற்றிலும் கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம்; மெல்லிய துணிக்கு முள் எமன். மரத்துக்குப் பின்னால், அதன் உயரத்தைப்போல ஏழெட்டு மடங்கு தூரத்துக்காவது காற்று குழம்பியே வரும். தென்னந்தோப்பை ஒட்டிய காலியிடம் உதவாது என்பதும் இதனால்தான். காற்றாலைக்குப் பின்புறமும் அப்படியே.

பட்டம் ஈபி லைனில் மாட்டினால், அது எத்தனை ஆயிரம் ரூபாய்ப் பட்டமானாலும் கயிற்றை விட்டு விலகி நில்லுங்கள். மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

1934-ம் ஆண்டின் விமானச் சட்டம், விமானம் என்பதன் வரையறைக்குள் பலூன், கிளைடரோடு பட்டத்தையும் சேர்த்திருந்தது. பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கும் ஊர் நம்முடையது. அந்தப் பக்கமே வேண்டாம்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. தடை கண்ணாடித் தூளோடு நிற்கவில்லை; நைலான், செயற்கை இழைப் பட்டக் கயிறுகளையும் சேர்த்துத்தான். பவர் கைட்டின் டைனீமா கயிற்றில் தூள் பூச்சு கிடையாது, ஆனால் அதுவும் செயற்கை இழைதான்; இழுவையில் இருக்கும்போது விரலை அறுக்கும். எனவே ஊருக்குள் ஏற்றாதீர்கள். வேறு எங்கே ஏற்றுவதானாலும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

பணம் போடுவதற்கு முன் ராமேசுவரம் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். அங்கே கைட்சர்ஃபிங் கற்றுத்தரும் பள்ளி இருக்கிறது. சிறிய பயிற்சிப் பட்டத்தைக் கையில் கொடுத்துத்தான் பாடத்தையே தொடங்குவார்கள். அந்த இழுவையைத் தோளில் உணர்ந்த பிறகு, எந்த அளவு வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.